மஞ்சக் கடுதாசிக்குப் பிறகு படிப்புக் கடன்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய மாணவி பேசினாள். ஆறாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். கிரீன் கார்டு வாங்கி அங்கேயே தங்கிவிட்டாள. கணவரோடு நடத்திய கடை நொடித்துப்போய், இரண்டு வருடத்துக்கு முன் கோர்ட்டில் திவால் மனு கொடுத்திருக்கிறார்கள். இப்போது முதுகலை படித்து ஆசிரியையாக ஆசை. "மஞ்சக் கடுதாசி கொடுத்தவளுக்கு யார் டீச்சர் கடன் தருவாங்க?" என்று அழுதாள். ஒரு கல்லூரி மட்டும், எதையும் கேட்காமல் உடனே சேர்த்துக்கொள்கிறோம் என்று தினமும் கூப்பிடுகிறதாம்.

எனக்கும் தெரியாது. ஓய்வில்தானே இருக்கிறேன், பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு தேடிப் படித்தேன். பெரிய சரித்திரமே இருக்கிறது.

1944-ல் போர் வீரர்கள் திரும்பிவந்து படிக்க அமெரிக்க அரசு பணம் கொடுத்தது. அந்தப் பணத்துக்காகவே புதுப்புதுப் பள்ளிகள் முளைத்தன. பாடம் நடத்தாமல் கட்டணம் மட்டும் வாங்கியவை பல. அதனால் 1952-ல் கொரியப் போர் வீரர்களுக்கான சட்டத்தில், எந்த அங்கீகார அமைப்புகளை நம்பலாம் என்று கல்வி ஆணையர் பட்டியல் வெளியிட வேண்டும் என்றார்கள். இங்கே 'நாக்' அரசு சார்ந்த அமைப்பு. அங்கே கல்லூரிக்கு அங்கீகாரம் தருவது தனியார் அமைப்புகள்; அந்த அமைப்புகளைத்தான் அரசு ஏற்கிறது.

1965 நவம்பரில் ஜனாதிபதி ஜான்சன் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். தான் படித்த சான் மார்கோஸ் கல்லூரிக்கே போய்ப் போட்டார். அவரும் ஒரு காலத்தில் கொட்டுல்லா என்ற ஊரில் ஏழை மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய வாத்தியார். அரசு உத்தரவாதத்தோடு மாணவர் கடன் பரவலாகக் கிடைத்தது அந்தச் சட்டத்தால்தான். அங்கீகாரம் இல்லாத கல்லூரிக்கு அந்தப் பணம் இல்லை.

அடுத்து ஒரு பயம் கிளம்பியது. டாக்டரும் வக்கீலும் படித்து முடித்த கையோடு திவால் மனு போட்டுக் கடனை உதறுகிறார்கள் என்று பேச்சு. கணக்கெடுத்துப் பார்த்தால் அப்படித் தீர்ந்த மாணவர் கடன் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 1976-ல் சட்டம் வந்தது: முதல் ஐந்து வருடத்துக்குள் திவாலானால் படிப்புக் கடன் தீராது. 1990-ல் அது ஏழு வருடமானது. 1998-ல் கால வரம்பையே எடுத்துவிட்டார்கள். 2005-ல் தனியார் படிப்புக் கடனையும் சேர்த்தார்கள். தாங்க முடியாத கஷ்டம் என்று நிரூபித்தால் மட்டுமே விடுதலை. சமூகப்பணியில் முதுகலை படித்த மேரி ப்ரன்னர் என்ற பெண் கேட்டபோது 1987-ல் நீதிமன்றம் மறுத்தது. அந்தத் தீர்ப்பில் வைத்த அளவுகோலைத்தான் பல நீதிமன்றங்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு கெடுபிடிக்கு நடுவில் 1994-ல் ஒரு நல்லது நடந்தது. திவாலானவர் என்ற ஒரே காரணத்துக்காக அரசின் மாணவர் கடனை மறுக்கக் கூடாது என்று திவால் சட்டத்தில் சேர்த்தார்கள். முதுகலைக்கு அரசு நேரடியாகத் தரும் சாதாரணக் கடனுக்குப் பழைய வரவுசெலவு நாணயத்தையே பார்ப்பதில்லை. வருடத்துக்கு 20,500 டாலர் வரை. 'பிளஸ்' என்ற கூடுதல் கடனுக்குத்தான் ஐந்து வருடத்துக்குள்ளான திவாலைப் பார்த்தார்கள். 2025-ல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் முதுகலைக்குப் புதிதாகக் கேட்பவர்களுக்கு அந்தக் கடனே கிடையாது.

மறுபடி அவளைக் கூப்பிட்டேன். "உன் மஞ்சக் கடுதாசி கதவை அடைக்கலைம்மா. ஆனா பழைய படிப்புக் கடன் ஏதாவது கட்டாம நின்னிருந்தா முதல்ல அதைச் சரிபண்ணு. தினமும் கூப்பிடுற அந்தக் கல்லூரி கல்வித்துறைப் பட்டியல்ல இருக்கான்னு பாரு. இருந்தாலும், அரசுக் கடன் திட்டத்துல சேர்ந்திருக்கான்னு தனியாக் கேளு" என்றேன்.

அன்று ராத்திரியே பார்த்தாளாம். பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

இப்போது பக்கத்து ஊர் மாநிலக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இன்னொன்றும் சொல்லி வைத்தேன்: "கடைக் கடனைக் கோர்ட்டு தீர்த்துச்சு. இதை அப்படித் தீர்க்காது. சம்பளத்துல கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் வாங்கு."

அங்கே பிள்ளைகள் இருப்பவர்கள் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். கடன் கிடைக்குமா என்று கேட்பதற்கு முன், கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள்.