அச்சுக்கு முதல் போட்டது யார்?

கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது பெரிதும் நம்பியது கையொப்பக்காரர்களை. புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பெயர் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். சிலர் முன்பணம் கொடுப்பார்கள். மற்றவர்கள் கையெழுத்தோடு நின்றுவிடுவார்கள். அச்சகத்துக்கும் காகிதக் கடைக்கும் பெயர்ப் பட்டியல் போதாது, ரொக்கம் வேண்டும். அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கைப்பொருளைக் கரைத்தே ஏடுகளை நூலாக்கினார்.

இந்த முறையில் விற்காத பிரதியின் சுமை முழுவதும் பதிப்பாசிரியர் தலையில் விழுந்தது. ஆனால் அதில் ஒரு நல்ல ஒழுங்கும் இருந்தது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று ஓரளவு தெரிந்த பிறகே அச்சுக்குப் போனார்கள். இன்றைய முன்வெளியீட்டுத் திட்டங்களின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கணக்கைப் போட்டவர் சுப்பிரமணிய பாரதி. 1920-இல் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு அவர் அனுப்பிய சுற்றுக்கடிதம், தமிழ்ப் பதிப்புத் தொழிலின் முதல் பெரிய வணிகத் திட்டங்களுள் ஒன்று. தம் எழுத்துகளை நாற்பது புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட நினைத்தார். மொத்தம் நான்கு லட்சம் பிரதிகள். விலை அரை ரூபாய். அச்சுக்கு 20,000 ரூபாய், விளம்பரம் முதலியவற்றுக்கு 10,000 ரூபாய். நிகர லாபம் ஒன்றரை லட்சம் வரும் என்று எதிர்பார்த்து, மாதம் இரண்டு சதவீத வட்டிக்குக் கடன் கேட்டார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விட வேகமாகத் தம் புத்தகங்கள் விற்கும் என்பது அவர் நம்பிக்கை.

இதைக் கவிஞனின் கனவு என்று ஒதுக்குவது நியாயமல்ல. விலையைக் குறை, பிரதியைக் கூட்டு, விளம்பரத்துக்குத் தனியாகப் பணம் ஒதுக்கு: மூன்றும் பதிப்பாளரின் பாலபாடங்கள். நான்கு லட்சம் பிரதிகளை அரை ரூபாய்க்கு விற்றால் இரண்டு லட்சம் ரூபாய் வரும். அதில் செலவையும் லாபத்தையும் கழித்தால் மிஞ்சுவது 20,000. வட்டியும் விற்பனையாளர் கழிவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். கணக்கு இடறுவது இங்கேதான். ஊர் ஊராகப் புத்தகத்தைக் கொண்டுசேர்க்கும் கடைகளும் அன்று போதவில்லை. கேட்ட முதலும் சேரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

அவர் எழுத்தின் உரிமை அதன்பின் கைமாறிக்கொண்டே இருந்தது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியாக விலைபோய், பின்னர் திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதி நூல்களின் உரிமையை ஏற்றது. 1955-இல் அவற்றைப் பொதுவுடைமை ஆக்கியது. உடனே சந்தை மாறிற்று. 1957-இல் பதிப்பாளர் சக்தி வை. கோவிந்தன் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய் மலிவுப் பதிப்பாகக் கொண்டுவந்தார். கடையத்துக் கடிதத்தின் அடிப்படைக் கணக்கு, எழுதியவர் போய் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு கடைக்கு வந்தது.

இதற்கிடையே வேறொரு வாங்குபவர் உருவாகியிருந்தார். 1948-இன் சென்னைப் பொது நூலகச் சட்டம் சொத்துவரியோடு நூலக வரியையும் வசூலிக்க வழி செய்தது. காலப்போக்கில், பொது நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையே பல பதிப்பகங்களின் முதலாகிவிட்டது. ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்செண்ணிக்கை அதை ஒட்டியே நின்றது. சிறு பதிப்பகங்களைப் பிழைக்க வைத்த இந்த ஏற்பாடே அவற்றை வாசகரிடமிருந்து விலக்கியும் வைத்தது. ஆணை தள்ளிப்போன ஆண்டுகளில் கட்டுக் கட்டாகப் பிரதிகள் குடோனில் தேங்கின. 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிதான் பதிப்பாளரை மீண்டும் வாசகரின் எதிரே உட்கார வைத்து, ரொக்க விற்பனையைக் கையில் கொடுத்தது.

இப்போது ஐம்பது, நூறு பிரதிகள் மட்டும் டிஜிட்டலில் அச்சிட்டு, தீர்ந்ததும் மறுபடி அச்சிடுகிறார்கள். குடோன் வாடகை இல்லை, கடனும் குறைவு. ஆனால் ஒரு பிரதியின் அடக்கவிலை கூடுகிறது, அட்டையில் அச்சாகும் விலையும் கூடவே ஏறுகிறது.