ரோட்வைலர் வளர்க்கப் போறீங்களா? முதலில் இதைப் படிங்க

திருட்டுக்குப் பயந்து ரோட்வைலர் குட்டி தேடுகிறீர்களா? கால்நடை சேவைத் துறையின் பட்டியலில் இது கட்டுப்படுத்தப்பட்ட இனம், டோபர்மேனும் அப்படித்தான். லைசன்ஸ் நிபந்தனைகளை பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் டிபிகேஎல்-லிலும், கிள்ளான்காரர்கள் அரச மாநகர் மன்றத்திலும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி வீடா? ஆசையை விட்டுடுங்க.

ஜெர்மனியின் ரோட்வைல் நகரில் மாடு ஓட்டவும், கசாப்புக்காரர்களின் வண்டி இழுக்கவும் பழகிய நாய் இது. ஆண் நாய் 50 கிலோவைத் தாண்டும். வீட்டாரிடம் குழந்தை மாதிரி ஒட்டிக்கொள்ளும். புதியவரை உடனே நம்பாது, நின்று கவனிக்கும். குட்டியிலேயே பல மனிதர்களையும் சத்தங்களையும் பழக்கணும். கேட் ஓரம் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் காவல் நாய் கிடைக்காது, பயத்தில் கடிக்கும் நாய்தான் கிடைக்கும். கொடுமை என்று நிரூபணமானால், விலங்கு நலச் சட்டம் 2015-இன்படி 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே.

இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். குட்டியின் தாய், தந்தை எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

நம்ம வெயில்தான் பெரிய எதிரி. கறுப்பு ரோமம், அதுவும் இரண்டு அடுக்கு. விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ நடக்க விடுங்கள். பகலில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டால் அதன் பாதமும் வெந்துவிடும். மூச்சிரைத்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் உடம்பை நனைத்துக்கொண்டே கிளினிக்குக்கு ஓடுங்க.