திரையில் எஞ்சிய குரல்: ஓட்டிஸ் ரெட்டிங்கின் தொலைக்காட்சிப் பங்கேற்புகளை ஆவணப்படுத்தல்

இசைக்கலைஞர் ஒருவரின் வரலாறு பெரும்பாலும் அவர்தம் இசைத்தட்டுகளைக் கொண்டே எழுதப்படுகின்றது. தொலைக்காட்சிப் பல்சுவை நிகழ்ச்சிகளில் அவர் சிறப்பு விருந்தினராகப் பாடியவை அடிக்குறிப்பு அளவிலேயே நின்றுவிடுகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபில் வேரூன்றிய சோல் இசையைப் பொறுத்தவரை இஃது ஒரு குறைபாடாகும். பாடகரின் உடலசைவும், வாத்தியக் குழுவோடு அவர் கொள்ளும் உறவும், அவையோரின் எதிர்வினையும் அவ்விசையின் கூறுகளே. மூன்று நிமிட இசைத்தட்டு இவற்றைத் தாங்குவதில்லை. இக்கருத்தை ஓட்டிஸ் ரெட்டிங்கின் (1941–1967) தொலைக்காட்சிப் பங்கேற்புகளைக் கொண்டு ஆராய்வோம்.

ஜார்ஜியா மாநிலத்தின் டாசன் ஊரில் பிறந்து மேக்கன் நகரில் வளர்ந்த ரெட்டிங், 1962இல் மெம்பிஸ் நகரிலுள்ள ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் புகழ்பெறத் தொடங்கினார். அதன்பின் அவருக்கு வாய்த்தவை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளே. ஆகவே, அவர் படக்கருவியின் முன் நின்ற ஒவ்வொரு தருணமும் வரலாற்றுச் சான்றாகின்றது.

அவற்றுள் முதலில் கருதத்தக்கது பிரிட்டனில் ஒளிபரப்பான 'ரெடி ஸ்டெடி கோ!' நிகழ்ச்சியாகும். இளைஞர்களுக்கான இவ்வார நிகழ்ச்சி 1963 ஆகஸ்டு முதல் 1966 டிசம்பர் வரை நடைபெற்றது. தொடக்கத்தில் இதில் தோன்றிய பாடகர்கள் தம் இசைத்தட்டுக்கு ஏற்ப வாயசைத்தனர். 1965இன் வசந்த காலத்திற்குப் பின்னர் நேரடியாகப் பாடும் முறை மேற்கொள்ளப்பட்டது. 16.9.1966 அன்று ஒளியேறிய பகுதி ரெட்டிங்குக்கே உரித்தாக்கப்பட்டது. எரிக் பர்டன், கிறிஸ் ஃபார்லோ ஆகிய பிரிட்டிஷ் பாடகர்கள் இருவரும் அதில் பங்குபெற்றனர். விருந்தினராக வந்தவரே அன்று நிகழ்ச்சியின் தலைவராக விளங்கினார் எனலாம். நேரடியாகப் பாடப்பட்டமையால், இசைத்தட்டில் பதிவான பாடலை அவர் அவையோர் முன் எவ்வாறு விரித்தார் என்பதை இப்பதிவால் நாம் அறிய முடிகின்றது. வாயசைப்பு முறை நீடித்திருப்பின் இச்சான்றின் மதிப்பு பெரிதும் குறைந்திருக்கும்.

அடுத்த ஆண்டில், 'மெலடி மேக்கர்' இதழின் வாசகர் வாக்கெடுப்பில் எல்விஸ் பிரெஸ்லி பல ஆண்டுகள் வகித்துவந்த முதலிடம் ரெட்டிங்குக்குக் கிட்டியது. இதற்கு அந்த ஒளிபரப்பு ஒன்றே காரணம் என்பது மிகையாகும். 1967இல் ஸ்டாக்ஸ் குழுவினர் மேற்கொண்ட ஐரோப்பியப் பயணத்திற்கும் இதில் பங்குண்டு. எனினும், அரங்கிற்கு வர இயலாத இரசிகரின் இல்லத்திற்கு அவரைக் கொண்டு சேர்த்தது தொலைக்காட்சியே என்பதை மறுத்தற்கில்லை.

இனி, எஞ்சியவை குறித்து நோக்குவோம். அக்காலத்தில் ஒளிநாடா விலைமிக்க பொருளாக இருந்தது. ஆதலால் நிலையங்கள் பழைய நிகழ்ச்சிகளை அழித்து, அதே நாடாவில் புதியவற்றைப் பதிவு செய்தன. 'ரெடி ஸ்டெடி கோ!' நிகழ்ச்சியின் பெரும்பகுதி இவ்வாறே மறைந்தது. எஞ்சிய சிறு பகுதியின் உரிமையை இசைக்கலைஞர் டேவ் கிளார்க் பின்னாளில் வாங்கினார். ரெட்டிங்கின் நிகழ்ச்சியும் அவற்றுள் அடங்கியிருந்தமையால் 1980களில் மீண்டும் மக்களைச் சென்றடைந்தது. ஒரு பதிவு எஞ்சியது என்பதற்காக அதுவே சிறந்தது என்றோ, மறைந்தவை சிறப்பற்றவை என்றோ நாம் கொள்ளலாகாது.

இரண்டாவது நிகழ்ச்சி, கிளீவ்லாந்து நகரத் தொலைக்காட்சி நிலையம் தயாரித்த 'அப்பீட்' ஆகும். 9.12.1967 அன்று ரெட்டிங் அதில் தோன்றி, மிட்ச் ரைடருடன் இணைந்து ஒரு பாடலையும் பாடினார். மறுநாள் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்குச் செல்கையில் அவரது விமானம் மொனோனா ஏரியில் வீழ்ந்தது. ரெட்டிங்கும், அவருடன் இசைத்த பார்-கேஸ் குழுவின் இளைஞர் நால்வரும் அதில் உயிரிழந்தனர். அக்குழுவின் பென் காலி மட்டுமே உயிர்தப்பினார். அப்போது ரெட்டிங்கின் வயது 26. வழக்கமான ஒரு பங்கேற்பு ஒரே நாளில் இறுதிச் சான்றாக மாறியது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. ரெட்டிங்கின் பெயரை உலகறியச் செய்த 'டாக் ஆஃப் த பே' பாடல் 1967 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பதிவாகி, அவர் மறைந்த பின்னர் 1968 ஜனவரியில் வெளிவந்தது. மார்ச்சில் அமெரிக்கப் பாடல் பட்டியலின் முதலிடத்தை அடைந்தது. அதனைத் தொலைக்காட்சியில் பாட அவருக்கு வாழ்நாள் இடங்கொடுக்கவில்லை. ஆகவே, அப்பாடலோடு அவர் உருவத்தைக் காட்டும் தொகுப்புகள் பிற நிகழ்ச்சிகளின் காட்சிகளை இணைத்து உருவானவையே. காட்சியையும் ஒலியையும் தனித்தனியே ஆராயாதவர், நடவாத ஒரு நிகழ்ச்சியை வரலாற்றில் சேர்த்துவிடுவார்.

மேற்கண்டவற்றால் சில நெறிகள் பெறப்படுகின்றன. பங்கேற்பு ஒவ்வொன்றுக்கும் நிலையம், பதிவான நாள், ஒளிபரப்பான நாள், பாடப்பட்ட பாடல்கள், உடனிசைத்தோர், நேரடிப் பாடலா வாயசைப்பா என்பன குறிக்கப்பெறல் வேண்டும். 1967 ஜூனில் மாண்டரே விழாவில் எடுக்கப்பட்ட திரைப்படம் போன்றவற்றைப் பல்சுவை நிகழ்ச்சிகளோடு கலவாமல் வேறாக வகைப்படுத்தல் வேண்டும். பதிவு எஞ்சியவை, எழுத்துச் சான்றால் மட்டும் அறியப்படுபவை, நினைவுகூரலால் மட்டும் அறியப்படுபவை என மூன்று நிலைகளாகப் பிரித்தலும் இன்றியமையாதது. எஞ்சிய நாடாக்களை மட்டும் பட்டியலிடுவோமாயின், கலைஞரின் வரலாற்றை அல்லாமல் நாடாவை அழித்தோரின் தேர்வையே நாம் எழுதியவராவோம். மறைந்தவற்றுக்கும் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்குவதே ஆவணப்படுத்துவோரின் முதற்கடமையாகும்.