மலைக்கு அந்தப் பக்கம் மழை

ஆடி மாசம் திருமங்கலத்துக்கு வந்திருக்கிறீர்களா? காத்து ஆளைத் தூக்கும். மேற்கே இருந்து மேகம் மூட்டை மூட்டையா வரும், ஆனா ஒரு சொட்டு விழாது. "எல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீத்துட்டு வருதுடா" என்பார் தாத்தா. கரிசல் காட்டில் மானாவாரிப் பருத்தி போட்டு, வானத்தையே பார்த்துக் கொண்டிருந்த மனுஷன்.

தாத்தா சொன்னதுதான் புவியியல். தபதி ஆற்றில் ஆரம்பித்து குமரி வரை சுமார் 1600 கி.மீ. நீளச் சுவர், மேற்குத் தொடர்ச்சி மலை. பெரிய ஓட்டை என்றால் பாலக்காட்டுக் கணவாய், தெற்கே சின்னதா செங்கோட்டைப் பக்கம் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று இந்தச் சுவரில் மோதி கேரளப் பக்கம் கொட்டிவிடும். நமக்கு மிச்சம் காய்ந்த காற்றுதான்.

மலையைத் தாண்டி தண்ணி கொண்டு வரலாம் என்ற யோசனை வெள்ளைக்காரனுக்கு முன்னாடியே இருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்கு முயன்றிருக்கிறார். காசு இல்லை, நின்று போச்சு. பிறகு 1876-78 தாது வருஷப் பஞ்சம். அதற்கப்புறம்தான் மெட்ராஸ் அரசு விழித்துக் கொண்டது. 1886-இல் திருவிதாங்கூருடன் 999 வருஷக் குத்தகை: 8000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். அரபிக்கடலுக்குப் போகிற பெரியாற்றை பென்னிகுவிக் மறித்தார், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். 1895 அக்டோபரில் திறப்பு. காலராவிலும் மலேரியாவிலும் செத்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில். அந்தத் தண்ணிதான் வைகையில் சேர்ந்து மதுரைக்கு வருகிறது. எங்க ஊர்ப் பேரிலேயே ஒரு பிரதான கால்வாய் இருக்கு.

அப்போ மலை, மாகாணத்துக்கும் சமஸ்தானத்துக்கும் நடுவே எல்லை. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைப் பிரித்தபோது மொழிக்கும் அதுவே எல்லை ஆனது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நமக்கு வந்தன. தமிழர்கள் கேட்டுப் போராடிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போயின. அதனால் அணை இருப்பது அங்கே, இயக்குவது நாம்.

2011 டிசம்பரில் குமுளி எல்லையில் போக்குவரத்தே நின்றது. அப்போ நான் ஸ்கூல் பையன், ஊரே கொதித்தது, நானும் கோஷம் போட்டேன். 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றபோது தெருவில் வெடி போட்டோம்.

வேலைக்கு வந்தபின் பக்கத்து சீட்டில் ஒரு வண்டிப்பெரியாறுக்காரன். அணைக்குக் கீழே அவன் வீடு. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன், "நிஜமாவே பயமாடா?" சிரிக்கவில்லை. "மழை பெய்தா அம்மா தூங்க மாட்டா மச்சான்" என்றான்.

எங்க தாத்தா மழை பெய்யலைன்னு தூங்க மாட்டார். அவங்க அம்மா பெய்யுதேன்னு தூங்க மாட்டாங்க. தண்ணி நம்ம உரிமை என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனா அன்று போட்ட கோஷத்தில் ஒன்றிரண்டை இப்போ அவன் முன்னால் சொல்ல வாய் வராது.

பி.கு: கம்பம் தாண்டி மலை ஏறினால் குமுளி. ஒரு தடவை போய் ரெண்டு பக்கமும் பாருங்க மக்களே. மேலே சொன்னது எல்லாம் கண்ணாலேயே புரியும்.