கழுவப்படாத கைகள்: வியன்னா பிரசவ விடுதி தந்த பாடம்

  

நோயைக் குணமாக்க வேண்டிய இடத்திலேயே நோய் தொற்றிக்கொள்ளுமாயின், அதைவிடத் துயரமானது வேறென்ன இருக்க முடியும்? இன்று வைத்தியசாலைகளில் நடைமுறையிலுள்ள தொற்றுத் தடுப்பு விதிகள் பல, அத்தகைய துயரங்களிலிருந்தே பிறந்தன. அவற்றுள் மிக எளியதாகிய கை கழுவும் விதி எவ்வாறு தோன்றியது, உண்மை நிரூபணமான பின்னரும் அது ஏன் நிலைபெறவில்லை என்பதைச் சிந்திப்பதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவின் பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவது விடுதியில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846ஆம் ஆண்டில் முதலாவது விடுதியில் 4010 பிரசவங்கள் நிகழ்ந்தன; 459 தாய்மார் மரணித்தனர். இரண்டாவது விடுதியிலோ 3754 பிரசவங்களுக்கு 105 மரணங்களே. முதலாவதில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். இரண்டாவதில் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. அவர்களைக் கொண்டு சென்றது பிரசவக் காய்ச்சல் எனும் கொடிய நோய். நகரத்து ஏழைப் பெண்கள் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தார்கள். முதலாவது விடுதிக்குத் தம்மை அனுப்ப வேண்டாமென மன்றாடினார்கள். சிலர் வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றார்கள். அவர்களுக்குக்கூட அந்நோய் அரிதாகவே வந்தது.

1846இல் முதலாவது விடுதியின் உதவி வைத்தியராகப் பொறுப்பேற்ற இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர் ஹங்கேரியைச் சேர்ந்தவர், வயது 28. ஒரே வைத்தியசாலை, ஒரே காற்று, ஒரே நகரத்துப் பெண்கள். அப்படியிருக்க மரணத்தில் மட்டும் ஏன் இத்தனை வித்தியாசம்? இக்கேள்வி அவரை உறங்கவிடவில்லை. தாய்மார் பிரசவிக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார். மரணப் படுக்கையில் இருப்போருக்காக மணியொலியுடன் வரும் பாதிரியாரின் வழியையும் மாற்றினார். எதுவும் பயனளிக்கவில்லை.

1847 மார்ச் மாதம் அவருடைய நண்பரான பேராசிரியர் கொலெட்ச்கா காலமானார். பிரேத பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவருடைய விரலைக் கீறியிருந்தது. அவரது உடலிற் காணப்பட்ட மாற்றங்கள், காய்ச்சலால் இறந்த தாய்மாரின் உடல்களில் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. அப்போதுதான் உண்மை புலப்பட்டது. காலையில் பிரேதங்களை அறுத்துப் பரிசோதித்த வைத்தியர்களும் மாணவர்களும், அதே கைகளுடன் பிரசவ விடுதிக்குள் நுழைந்து தாய்மாரைப் பரிசோதித்து வந்தனர். மருத்துவிச்சிகளோ பிரேதங்களைத் தொடுவதில்லை. மரணத்தைச் சுமந்து வந்தவை, உயிர் காக்கவென நீண்ட கைகளே!

1847 மே மாத நடுப்பகுதியில் செம்மல்வைஸ் ஒரு கட்டளையிட்டார். விடுதிக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கரைசலில் கை கழுவியே தீர வேண்டும். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த மரணம், ஜூன் மாதத்தில் இரண்டளவில் குறைந்தது. 1848ஆம் ஆண்டு முழுவதிலும் 3556 பிரசவங்களுக்கு 45 மரணங்களே பதிவாகின. அவ்வாண்டின் மார்ச், ஓகஸ்ட் ஆகிய இரு மாதங்களில் ஒரு தாயேனும் இறக்கவில்லை.

இத்துணை தெளிவான சான்று கண்முன்னே இருந்தும் என்ன நடந்தது? விடுதித் தலைவர் பேராசிரியர் கிளைன் அதை ஏற்கவில்லை. தம் கைகளே தாய்மாரைக் கொன்றன என ஒப்புக்கொள்ளப் பல வைத்தியர்களின் மனம் இடந்தரவில்லை. 1849இல் செம்மல்வைஸின் பதவிக்காலம் நீடிக்கப்படவில்லை. அவர் பக்கமும் குறையொன்று உண்டு. தம் கண்டுபிடிப்பை 1861 வரை நூலாக எழுதவில்லை. பின்னர் எதிர்த்தோரைக் கடுஞ்சொற்களால் சாடினார். 1865இல் மனநோய் விடுதியொன்றில், புண்ணில் ஏற்பட்ட தொற்றினால் 47 வயதில் உயிர்நீத்தார். தாய்மாரை எதிலிருந்து காக்கப் போராடினாரோ, அத்தகையதொரு தொற்றே அவரையும் கொண்டுபோனது.

சகோதரர்களே! ஒரு மனிதரின் அறிவு மட்டும் மக்களைக் காக்காது. அந்த அறிவு நிறுவனத்தின் விதியாக வேண்டும். பேராசிரியருக்கும் மாணவருக்கும் சமமாக வேண்டும். பின்பற்ற இலகுவாகவும் வேண்டும். இதனை ஏறத்தாழ 150 ஆண்டுகளின் பின் ஜெனீவா பல்கலைக்கழக வைத்தியசாலை செய்து காட்டியது. 1994இல் அங்கு கை சுத்தம் பேண வேண்டிய தருணங்களில் பாதியளவிலேயே அது பேணப்பட்டது. வைத்தியர் டிடியே பிட்டேயின் குழுவினர் ஊழியர்களைத் திட்டவில்லை. மதுசாரம் கலந்த கைத் தேய்ப்புத் திரவத்தை நோயாளியின் கட்டிலருகே வைத்தார்கள்; நினைவூட்டினார்கள்; அளந்து அறிவித்தார்கள். சில ஆண்டுகளில் கை சுத்தம் பேணுதல் நூற்றுக்கு 48இலிருந்து 66ஆக உயர்ந்தது. வைத்தியசாலைத் தொற்று 16.9இலிருந்து 9.9ஆகக் குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டல், கை சுத்தம் பேண வேண்டிய ஐந்து தருணங்களை வரையறுத்தது. நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் சிகிச்சைக்கு முன், உடற்திரவங்கள் படக்கூடிய செயலின் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சூழவுள்ள பொருட்களைத் தொட்ட பின் என்பனவே அவை.

மதுசாரம் என்றதும் நம்மவர் சிலர் தயங்குவதுண்டு. குடிப்பதற்கான தடை வேறு, கிருமி கொல்ல வெளிப்புறமாகப் பயன்படுத்துவது வேறு. 2002 ஜனவரியில் மக்காவில் கூடிய ராபிததுல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் பேரவை இப்பயன்பாட்டை அனுமதித்துள்ளது.

நாளொன்றுக்கு ஐவேளை வுழூச் செய்பவர்கள் நாம் என்ற பெருமிதம் மட்டும் நமக்குப் போதாது. வுழூவுடன் நோயாளியைப் பார்க்கச் செல்பவரும், வழியில் கதவுப் பிடியையும் கைத்தொலைபேசியையும் தொட்ட கையுடனேயே கட்டிலை நெருங்குகிறார். வுழூ வணக்கத்துக்குரிய தூய்மை. நோயாளியைத் தொடுமுன் கழுவுவதோ அந்த நோயாளிக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கு.

எனவே, பிறந்த குழந்தையைக் காணச் செல்லும்போது முதலில் கைகளைக் கழுவுங்கள். தடிமனும் இருமலும் உள்ளவர்கள் குழந்தையைத் தூக்காதீர்கள். தாதியொருவர் உங்களை வாசலில் நிறுத்திக் கை கழுவச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். வியன்னாவின் பேராசிரியர்கள் முகம் சுளித்ததன் விலையைக் கொடுத்தவர்கள் ஏழைத் தாய்மார்களே. மருத்துவம் கற்கும் இளைஞர்களே! உங்களுக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் உங்கள் கையைச் சுட்டிக்காட்டினால், அவருக்கு நன்றி கூறும் மனத்தை இப்போதே பழக்கிக்கொள்ளுங்கள்.

உண்மையை எவர் சொன்னாலும் ஏற்கும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.