வளியின் பாரமும் ஒப்பந்தத்தின் எண்ணும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எழுதுவோர், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் நிகழ்ந்த யப்பானிய விமானத் தாக்குதலையோ, 99 தாங்கிகளும் 14, 61, 24 எனப் பங்கிடப்பட்ட 2022 சனவரி உடன்படிக்கையையோ கூறி அமைவர். அத்தாங்கிகளிற் கிடந்த பொருள் எவ்வாறு அளக்கப்பட்டது என வினவுவோர் அரியர். எண்ணெய் வெப்பத்தால் விரியும் இயல்பினது. ஆதலின் எண்ணெய் வணிகத்தில் 60 பாகை பரனைற்று அல்லது 15 பாகை செல்சியசு என்னும் வெப்பநிலைக்குக் கனவளவைத் திருத்திக் கணக்கிடுதல் மரபாயிற்று. குளிர்நாட்டார் வகுத்த அளவு இது. திருகோணமலையின் 30 பாகை வெயிலிலோ, 10,000 கன மீற்றர் எண்ணெயில் நூறு கன மீற்றருக்குக் குறையாத வேறுபாடு எழும்.

எண்ணெய்க்கே இந்நிலையாயின், இயற்கை வாயுவின் நிலை கூறவேண்டுவதில்லை. வாயுவின் கனவளவு வெப்பநிலையோடு அமுக்கத்தையும் பொறுத்தது. வளிக்கும் பாரம் உண்டு என்பதைத் தொரிசெல்லி இரசக் குழாயினால் காட்டினார். 1648இல் பஸ்காலின் மைத்துனர் மலையொன்றின் உச்சிக்கு அக்குழாயைக் கொண்டுசென்று, உயரம் கூடக்கூட அப்பாரம் குறைவதைக் கண்டார். அமுக்கம் இருமடங்காயின் கனவளவு பாதியாகும் என்னும் பொயிலின் விதி 1662இல் வெளிவந்தது. இம்மூவரும் வணிகத்தை எண்ணியவரல்லர். எனினும் இன்றைய வாயு விற்பனை ஒப்பந்தங்களின் வரைவிலக்கணப் பகுதி இவர்தம் முடிபுகளின் மேலேயே நிற்கின்றது.

குழாயிற் பொருத்தப்பெறும் அமுக்கமானி, சூழவுள்ள வளியினும் வாயுவின் அமுக்கம் எவ்வளவு மிகுந்தது என்பதையே காட்டும். உண்மைக் கணக்கிற்கு வளிமண்டல அமுக்கத்தையும் அதனோடு கூட்டல் வேண்டும். அதுவோ நாளுக்கு நாள், இடத்துக்கு இடம் மாறுவது. ஆகவே, பாரமானி எதைக் காட்டினும் வளிமண்டல அமுக்கம் இன்ன எண்ணேயெனக் கொள்ளப்படும் என்று இரு திறத்தாரும் எழுதிக் கையொப்பமிடும் வழக்கம் ஏற்பட்டது. இயற்கையின் மாறும் அளவினிடத்தில் மனிதர் உடன்பட்ட நிலையான எண் அமர்ந்தது எனலாம்.

கடலோரத் திருகோணமலைக்கு இதனாற் பெரிய நட்டமில்லை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை எண்ணிப் பார்க்க. அங்கே வளியின் அமுக்கம் கடல்மட்டத்தினும் ஐந்திலொரு பங்கு குறைவு. வீட்டடுப்புக்குரிய தாழ்ந்த அமுக்கத்தில் வாயுவை விற்று, கடல்மட்ட எண்ணைக் கொண்டு கணக்கிட்டால், ஐந்து பங்கு விலை கொடுத்தவன் ஏறத்தாழ நான்கு பங்கே பெறுவான். அதே பிழை 70 பார் அமுக்கமுள்ள பெருங்குழாயில் நூற்றுக்கு அரைப் பங்கும் ஆகாது. எளிய நுகர்வோனையே அது கடுமையாகத் தாக்கும் என்பது ஈண்டு நோக்கற்பாலது.

அளவின் அடிப்படையாகக் கொள்ளும் அமுக்கம் மற்றோர் எண். இதிலும் ஒருமையில்லை. ஐக்கிய அமெரிக்காவில் ரெக்சாஸ் மாநிலச் சட்டம் சதுர அங்குலத்துக்கு 14.65 இறாத்தலைக் கொள்ள, அண்டையிலுள்ள லூசியானா 15.025 இறாத்தலைக் கொண்டது. ரெக்சாசில் 1,000 கன அடியாகும் வாயு எல்லை கடந்தால் 975 கன அடியே. குறைந்தது வாயுவன்று, எண்ணே. 1954இல் உலக அளவை மாநாடு நியம வளிமண்டலத்தை 101,325 பஸ்கால் என வரையறுத்தது. 1982இலோ வேதியியலாரின் பன்னாட்டு ஒன்றியம் நியம அமுக்கமாக 100,000 பஸ்காலைப் பரிந்துரைத்தது. வணிகரின் வழக்கு வேறாகவே தொடர்ந்தது. இந்தியாவில் வாயு விற்பனைக்குரிய நியமக் கன மீற்றர் 15 பாகை செல்சியசிலும் 1.01325 பார் அமுக்கத்திலும் கொள்ளப்படுவது. பூச்சியப் பாகையில் அளக்கும் மற்றொரு கன மீற்றரும் உலகில் வழங்குகின்றது. இரண்டுக்கும் இடையே நூற்றுக்கு ஐந்தரைப் பங்கு வேறுபாடுண்டு.

அளவு எதுவெனப் பெயர் சுட்டி எழுதும் இவ்வழக்கம் மேனாட்டார் தந்த புதுமையெனக் கருதுவார் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளை நோக்குக. முதலாம் இராசராசன் காலத்து அச்சாசனங்கள் நெல் இத்தனை கலம் என்பதோடு நில்லாது, இராசகேசரியோடு ஒத்த ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கவேண்டும் என்று கல்லிற் பொறித்தன. பொன்னுக்கு ஆடவல்லான் என்னும் கல்லும், மணிகளுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லும் வேறுவேறாகக் குறிக்கப்பட்டன. ஊருக்கோர் மரக்கால் வழங்கிய காலத்தில், எந்த மரக்கால் என்பதைச் சொல்லாத கொடை பாதிக் கொடையே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம் நாட்டுக்கு இவ்வாராய்ச்சி எதற்கெனின், 2011இல் மன்னார்ப் படுகையில் கெயிர்ன் நிறுவனம் துளைத்த கிணறுகளுள் இரண்டில் இயற்கை வாயு காணப்பட்டது. அந்நிறுவனம் பின்னர் விலகிச் சென்றது. அவ்வாயு கரையேறுமாயின் அதனை வாங்கும் ஒப்பந்தத்தில் விலையைப் பற்றியே பலரும் வாதிடுவர். கன மீற்றர் எந்த வெப்பநிலையிற் கொள்ளப்பட்டது, வளிமண்டலத்துக்கு எந்த எண் இடப்பட்டது என்னும் இரு வரிகள் வரைவிலக்கணப் பகுதியில், விலைக்குப் பல பக்கங்கள் முன்பே எழுதப்பட்டு முடிந்திருக்கும்.