பேரணிக்குப் போன பேருந்து

1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர்ஸ் அமெரிக்காவின் பிளாக் பேந்தர் கட்சியிடமிருந்து தன் பெயரை எடுத்துக்கொண்டது. அன்று முதல் கறுப்பின மக்களின் போராட்டங்களை நாம் அயலார் கதையாக வாசிப்பதில்லை. அந்த உரிமையோடுதான் அவர்களுடைய ஒரு பேரணியையும், அதைப் பற்றிய ஒரு திரைப்படத்தையும் இங்கே பேச எடுக்கிறோம்.

1995 அக்டோபர் 16 அன்று, நேஷன் ஆஃப் இஸ்லாம் தலைவர் லூயி ஃபராக்கான் அழைப்பில் கறுப்பின ஆண்கள் வாஷிங்டனில் திரண்டார்கள். தேசியப் பூங்காத் துறை 4 லட்சம் பேர் என்றது. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணக்கு 8 லட்சத்தைத் தாண்டியது. ஒடுக்கப்பட்டோர் கூடினால் தலை எண்ணுவதிலும் அரசியல் உண்டு என்பது நமக்குத் தெரிந்ததே.

சரியாக ஓராண்டு கழித்து ஸ்பைக் லீயின் ‘கெட் ஆன் த பஸ்’ வெளியானது. கறுப்பின ஆண்கள் 15 பேர் தம் கைப்பணத்தைப் போட்டு எடுத்த படம் அது. கேமரா மேடையைத் தேடிப் போகவில்லை. லாஸ் ஏஞ்சல்சிலிருந்து புறப்படும் பேருந்துக்குள் உட்கார்ந்துகொண்டது. நீதிமன்ற ஆணைப்படி ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்ட தகப்பனும் மகனும், காவல்துறையில் வேலை செய்பவர், வன்முறைக் கும்பலை விட்டு வெளியேறிய இளைஞன், ஓரினக் காதலர் இருவர், முதியவர் ஜெரமையா என்று பலரும் அதில் ஏறுகிறார்கள். வழியெல்லாம் சண்டை. ‘நம்மவன்’ என்றால் யார் என்பதே சண்டையின் பொருள்.

அந்தக் கேள்வி திரைக்கதைக்காகச் செய்யப்பட்டதல்ல. 1963 வாஷிங்டன் பேரணியை ஒழுங்கு செய்தவர் பேயார்ட் ரஸ்டின். அவர் ஓரினக் காதலர் என்பதால் அவரைத் தலைமைப் பொறுப்பில் முன்னிறுத்த இயக்கத்துக்குள்ளேயே தயக்கம் இருந்தது. 1995இலோ பெண்களை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஏஞ்சலா டேவிஸ் போன்றோர் அதை வெளிப்படையாக விமர்சித்தார்கள். 1997இல் பெண்கள் ஃபிலடெல்ஃபியாவில் தங்கள் பேரணியைத் தாங்களே நடத்தினார்கள்.

ஜெரமையாவாக நடித்த ஆசி டேவிஸ், 1963 பேரணி மேடையில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர்களில் ஒருவர். படத்தில் அந்த முதியவர் வாஷிங்டனை நெருங்கும்போது நோயுற்று மருத்துவமனையில் இறக்கிறார். அவரோடு தங்கியவர்கள் பேரணியைத் தவறவிடுகிறார்கள். ஊர் திரும்புமுன் லிங்கன் நினைவிடத்தில் அந்தச் சங்கிலி விடப்படுகிறது. இவர்கள் எந்தத் துறையின் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனாலும் புறப்பட்டபோது ஒருவரை ஒருவர் சந்தேகித்தவர்கள், சாகும் கிழவரை விட்டுப்போக மனமில்லாதவர்களாக மாறியிருக்கிறார்கள். பேரணியின் வேலை அவர்களிடம் வழியிலேயே நடந்து முடிந்தது.

நாமும் வேன் பிடித்து மாநாடுகளுக்குப் போகிறோம். மேடைப் பேச்சு அச்சாகிறது. வேனில் நடந்த பேச்சு காற்றோடு போகிறது. அதில் யார் ஏறினார்கள், பெண்களுக்கு இடம் இருந்ததா, யாரைப் பாதி வழியில் இறக்கிவிட்டோம் என்பதையும் எழுதினால்தான் நம் இயக்க வரலாறு முழுமை பெறும். மாணவத் தோழர்கள் அந்த வேலையைத் தொடங்க வேண்டும். கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய முதியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.